பெரிய சாவி, சின்ன எழுத்து

விமர்சனம் என்றால் நாவலையும் சிறுகதையையும் கவிதையையும் பற்றித்தான் எழுத வேண்டும் என்று ஒரு சம்பிரதாயம் நம்மிடையே இருந்து வருகிறது. ஆனால் ஒரு நடுத்தரக் குடும்பம் மிகுந்த ஆவலோடு புரட்டிப் பார்க்கும் புத்தகம் எது என்று யோசித்தால், பல சமயங்களில் அது நாவலாகவோ கவிதையாகவோ இருப்பதில்லை. வழவழப்பான காகிதத்தில், பல வர்ணங்களில் அச்சிட்டு, இனாமாகக் கொடுக்கும் புத்தகம் அது. முதன் முதலாகப் புதுக் கார் வாங்கப் போகிற வீட்டில் அந்தப் புத்தகம் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அப்பா படிக்கிறார். அம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிக்கிறாள். பள்ளிக்கூடப் பையன் மனப்பாடமே செய்துவிடுகிறான். பாட்டி, "சிவப்பு வேண்டாம், வெள்ளையாக வாங்குங்கள்" என்று தன் அபிப்பிராயத்தையும் சொல்லி வைக்கிறாள். எந்த எழுத்தாளனுக்கு இப்படிக் குடும்பத்தோடு ரசிகர்கள் கிடைக்கிறார்கள்!

இத்தனை பேர் இத்தனை ஆசையோடு வாசிப்பதை விமர்சகன் ஒதுக்கிவிட்டுப் போவது நியாயமில்லை. ஆகையால் இந்தக் கட்டுரையில் கார் விற்பனை நிலையத்தின் இலக்கியத்தை எடுத்துக்கொள்கிறேன். இலக்கியம் என்று கேலிக்காகச் சொல்லவில்லை. அங்கே உண்மையாகவே ஒரு கதை நடக்கிறது. அதற்குக் கதாநாயகன் உண்டு, கட்டங்கள் உண்டு, உச்சகட்டமும் உண்டு. கதையை எழுதியவர் மட்டும் தம் பெயரைப் போட்டுக்கொள்வதில்லை.

கார்களைப் பற்றிப் பெரிய கலைஞர்கள் எழுதாமல் இல்லை. அமெரிக்க நாவலாசிரியர் ஜான் ஸ்டெய்ன்பெக் 1939-ல் வெளியிட்ட 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலில் ஏழாம் அத்தியாயம் முழுவதையும் பழைய கார் விற்கும் முற்றத்துக்கே ஒதுக்கியிருக்கிறார். நிலத்தை இழந்து ஊரைவிட்டுப் போகும் குடியானவர்கள் ஓட்டைக் கார்களை வாங்க வருகிறார்கள். பல்சக்கரத்தின் சத்தம் வெளியே தெரியாமல் மரத்தூளைப் போட்டு அடக்கும் வித்தையெல்லாம் அங்கே வருகிறது. அந்த அத்தியாயத்தில் நாம் கேட்பது பெரும்பாலும் விற்கிறவனின் குரலைத்தான். வாங்குகிறவன் பேசவே இடமில்லாதபடி அவன் பேசிக்கொண்டே போகிறான். அந்த ஏற்பாட்டிலேயே நாவலாசிரியரின் தீர்ப்பு அடங்கியிருக்கிறது.

நம் நாட்டில் சுபோத் கோஷ் வங்காளியில் எழுதிய சிறுகதை ஒன்றை ரித்விக் கட்டக் 1958-ல் 'அஜாந்திரிக்' என்ற படமாக எடுத்தார். பிமல் என்ற டாக்ஸி டிரைவருக்கும் ஜகத்தல் என்ற அவனுடைய கிழட்டு செவ்ரலே வண்டிக்கும் உள்ள உறவுதான் கதை. வண்டி கடைசியில் பழைய இரும்புக்குப் போகிறது. ஆர்தர் மில்லர் 1949-ல் எழுதிய 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மன்' நாடகத்தில் வில்லி லோமன், தவணை கட்டி முடியும்போது வண்டியும் கிட்டத்தட்ட முடிந்துவிடுகிறதே என்று அலுத்துக்கொள்கிறான்.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. மூன்றிலும் வருவது பழைய கார். பழைய காருக்கு வயது இருக்கிறது, நோய் இருக்கிறது, ஆகையால் கதையும் இருக்கிறது. புதுக் கார் வாங்கும் நாளில் அப்படி என்ன கதை இருக்கிறது என்று எழுத்தாளர்கள் அலட்சியமாக விட்டுவிட்டார்களோ என்னவோ! அவர்கள் விட்ட இடத்தை விற்பனைக்காரர் எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டு மிகத் திறமையாகவே எழுதியிருக்கிறார்.

பழைய நாளில் அவருக்கு அந்தத் திறமை தேவைப்படவில்லை. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் அம்பாஸடர், பம்பாயில் செய்த ஃபியட், நம் சென்னையில் செய்த ஸ்டாண்டர்ட் என்று மூன்றே வகை பெரும்பாலும் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. முன்பணம் கட்டிப் பெயரைப் பதிந்து வைத்தவர்கள் வருஷக் கணக்கில் காத்திருந்தார்கள். முறை வந்து வண்டி கைக்குக் கிடைத்தவர், அதே வண்டியை மறுநாளே லாபத்துக்கு விற்கவும் முடிந்தது. வாங்குகிறவர் வரம் கேட்கும் பக்தர். விற்கிறவர் கல்லாய்ச் சமைந்த தெய்வம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அப்போதும் காத்திருக்க வேண்டியிருந்தது. 1993-ல் கார்த் தொழிலுக்கு லைசென்ஸ் கட்டுப்பாடு நீங்கியது. 1998-ல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ வெளிவந்தது. தெய்வங்கள் பெருகின, பக்தரின் மதிப்பு உயர்ந்தது. இன்று ஷோரூம் வாசலில் அவருக்கு நடப்பது சாட்சாத் மாப்பிள்ளை அழைப்பு. கதவைத் திறந்துவிட ஒருவர், குளிர்பானம் கொடுக்க ஒருவர், "சார், உட்காருங்க" என்று நாற்காலி போட ஒருவர்.

மாப்பிள்ளை மரியாதையை நான் குறை சொல்லவில்லை. மரியாதை யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் மரியாதையின் நடுவே மாப்பிள்ளை கையெழுத்துப் போடும் காகிதங்கள் சில இருக்கின்றன. கதையின் உயிர் அந்தக் காகிதங்களில்தான் இருக்கிறது. அதைத்தான் இந்தக் கதாசிரியர் வெகு லாகவமாகத் தாண்டிப் போய்விடுகிறார்.

எந்த நாவலைக் கையில் எடுத்தாலும் நான் மூன்று கேள்விகள் கேட்பது வழக்கம். யார் பேசுகிறார்? எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்? கதையை எந்த இடத்தில் நிறுத்துகிறார்? ஷோரூம் கதையிடமும் அதே மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம்.

முதலில் வர்ணப் புத்தகம். அதில் கார் எப்போதும் மலைப்பாதையில் தனியாகப் போகிறது. எதிரே தண்ணீர் லாரி வருவதில்லை. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற எண் பெரிதாக இருக்கிறது. அது சோதனைச்சாலையில் வகுத்த நிபந்தனைகளின்படி கிடைத்த எண். உங்கள் தெருவுக்கும், நீங்கள் பிரேக் போடும் பழக்கத்துக்கும் அது பொறுப்பேற்பதில்லை. கடைசிப் பக்கத்தின் அடியில், படத்தில் காணும் எல்லா வசதிகளும் எல்லா ரகங்களிலும் இருக்க வேண்டும் என்பதில்லை என்ற கருத்தில் ஒரு வாக்கியம் எறும்பு எழுத்தில் இருக்கும். படத்தில் நிற்பது உச்ச ரகம். அட்டையில் போட்ட ஆரம்ப விலை அடி ரகத்துடையது. நாவலில் கதாநாயகியை அட்டையில் வரைந்துவிட்டு, உள்ளே அவளுடைய ஒன்றுவிட்ட தங்கையைப் பற்றி எழுதினால் வாசகர்கள் சும்மா இருப்பார்களா?

இரண்டாவது, கொட்டேஷன் என்ற விலைச் சீட்டு. வர்ணப் புத்தகத்தில் மனத்தோடு பேசியவர், இதில் மனமே இல்லாதவர்போல் பேசுகிறார். ஷோரூம் விலை, ஆயுட்கால வரி, பதிவுக் கட்டணம், இன்ஷூரன்ஸ், ஃபாஸ்டேக், நீட்டித்த உத்தரவாதம், உபகரணத் தொகுப்பு, 'இதர செலவுகள்' என்று வரிசையாக எண்கள்; கீழே ஒரே கூட்டுத் தொகை. இந்தச் சீட்டில் மூன்று பேருடைய குரல்கள் கலந்து ஒலிக்கின்றன. சர்க்காரின் குரல் ஒன்று. இன்ஷூரன்ஸ் கம்பெனியின் குரல் ஒன்று. கடைக்காரரின் குரல் ஒன்று. மூவரும் ஒரே எழுத்தில், ஒரே அளவில் அச்சாகியிருப்பதால் மூன்றும் ஒரே அதிகாரம் உள்ளவைபோல் நமக்குத் தோன்றுகின்றன. கலையில் இதைச் சாமர்த்தியம் என்று சொல்லலாம். ஆனால் பணத்தைக் கட்டுகிறவருக்கு எந்த வரி யாருடையது என்று தெரிந்தாக வேண்டும்.

சர்க்காரின் வரிகளை யாரும் தவிர்க்க முடியாது. 2017 ஜூலை 1 முதல் வந்த ஜி.எஸ்.டி. ஷோரூம் விலைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. 2025 செப்டம்பர் 22-ல் அதைத் திருத்தியபோது சிறிய கார்களுக்கு 18 சதவீதம், பெரியவற்றுக்கு 40 சதவீதம் என்று வைத்தார்கள். அதற்கு மேல் மாநிலத்தின் ஆயுட்கால வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் செய்த திருத்தம் 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 என்று வகுத்தது. இதில் ஒரு சின்னக் கதையே ஒளிந்திருக்கிறது. வரிக்குக் கணக்கிடும் விலை 9,90,000 ரூபாய் என்றால் அந்த விகிதப்படி வரி 1,28,700 ரூபாய். "இன்னும் இருபதாயிரம்தான் சார், மேல் ரகத்துக்கே போயிடலாம்" என்ற குரலுக்கு இசைந்து 10,10,000 ரூபாய்க்குப் போனால் வரி 1,81,800 ரூபாய். இருபதாயிரம் என்று ஆரம்பித்த ஆசை 73,100 ரூபாயில் முடிகிறது. 'இன்னும் இருபதாயிரம்' என்று பேசியவர் பொய் சொல்லவில்லை. பாதிக் கதையைச் சொன்னார், அவ்வளவுதான்.

அடுத்தது இன்ஷூரன்ஸ். இதில் ஒரு பகுதி சட்டம். நம் வண்டியால் பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு இல்லாமல் தெருவில் இறங்கக் கூடாது. புதுக் காருக்கு அதை மூன்று வருஷத்துக்குச் சேர்த்து எடுக்க வேண்டும் என்பது 2018 செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஒருவர் தொடர்ந்த சாலைப் பாதுகாப்பு வழக்கில் சுப்ரீம் கோர்ட் போட்ட உத்தரவின் பயன் அது. விலைச் சீட்டில் அந்த ஓர் எண்ணுக்குப் பின்னால் எத்தனையோ பேருடைய முறிந்த எலும்புகள் இருக்கின்றன. அதைக் கொடுப்பதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. நம் வண்டிக்கே நேரும் சேதத்துக்கான காப்பீடு வேறு. அதோடு ஒட்டி வரும் உபரிப் பாதுகாப்புகளும் வேறு. அவற்றை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம். எந்தக் கம்பெனியில் எடுப்பது என்பதும் வாங்குகிறவரின் இஷ்டம். மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் காட்டும் கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்ற விதி கிடையாது. வெளியே இரண்டு இடங்களில் விசாரித்துவிட்டு வந்தாலே அந்த எண் கொஞ்சம் பணிவாக நடந்துகொள்வதைக் காணலாம்.

மூன்றாவது, கடைக்காரரின் வரிகள். மிதியடி, இருக்கை உறை, பக்கப் பட்டை, வர்ணத்துக்கு மேல் பூசும் பூச்சு, உத்தரவாத நீட்டிப்பு, இன்னதென்று விளங்காத கையாளும் கட்டணம். இவற்றில் பயனுள்ளவையும் உண்டு. நான் எல்லாவற்றையும் தள்ளச் சொல்லவில்லை. "இதை எடுத்தால்தான் அதைக் கொடுப்போம்" என்று ஒரு பொருளோடு மற்றொன்றைக் கட்டி விற்பதை மட்டும் 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்பாடான வர்த்தக முறை என்று வகைப்படுத்தியிருக்கிறது. "இது எந்த வேலைக்கான கட்டணம், இதற்குத் தனி ரசீது உண்டா?" என்ற ஒரு கேள்வி போதும். நல்ல விமர்சகர்கள் கேட்கும் கேள்வியும் அதுதானே: இந்த அத்தியாயம் இந்த நாவலில் எதற்காக இருக்கிறது?

இனி, சொல்லாமல் விட்ட விஷயங்களுக்கு வருவோம். தவணையைப் பற்றிய பேச்சில் மாதத் தொகை மட்டுமே உரக்க ஒலிக்கும். எட்டு லட்சம் கடன், வருஷ வட்டி 9 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருஷம் என்றால் மாதம் சுமார் 16,600 ரூபாய். ஏழு வருஷம் என்றால் சுமார் 12,900 ரூபாய். மாதம் மூவாயிரத்து எழுநூறு மிச்சம் என்று மனம் குளிர்கிறது. ஆனால் மொத்தமாகக் கட்டும் வட்டி, ஐந்து வருஷத்தில் சுமார் 1,96,000 ரூபாயாக இருந்தது, ஏழு வருஷத்தில் சுமார் 2,81,000 ரூபாயாகிறது. அந்த எண்பத்தைந்தாயிரம் சீட்டில் எங்கேயும் தனி வரியாக இல்லை. பையன் ஆறாம் வகுப்பில் இருக்கும்போது வாங்கிய கார், அவன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்குப் பணம் கட்டும் வேளையிலும் தவணை கேட்டுக்கொண்டு நிற்கும். வில்லி லோமனின் அலுப்பு அமெரிக்காவில் மட்டும் பிறப்பதில்லை.

இன்னொன்று வண்டியின் பிறந்த நாள். ஜனவரியில் வாங்கும் கார், முந்திய வருஷத்து மாதத்தில் பிறந்ததாக இருக்கலாம். விற்கப் போகும் நாளில் அதற்கு ஒரு வயது கூடுதல் என்று எடைபோடுவார்கள். கடைக்காரர் தரும் விற்பனைச் சான்றான 21-ம் படிவத்தில் சேஸிஸ் நம்பர், என்ஜின் நம்பரோடு தயாரித்த மாதமும் வருஷமும் உண்டு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு வருஷத்தையும் சொல்லும். வண்டியை நம் பெயரில் பதிவு செய்வதற்கு முன்பே, முழுப் பணத்தையும் கட்டுவதற்கு முன்பே, நல்ல பகல் வெளிச்சத்தில் ஒரு முறை சுற்றிவந்து பார்த்துவிட வேண்டும். பதிவான பிறகு கீறல் தெரிந்தால் மாற்று வண்டி கேட்பது, தாலி கட்டிய பிறகு ஜாதகம் பார்ப்பதைப் போன்றது.

கதையை எங்கே நிறுத்துகிறார் என்பது கடைசிக் கேள்வி. டெலிவரி நாளில் நிறுத்துகிறார். பட்டுத்துணி விலகுகிறது, கேக் வெட்டுகிறார்கள், மாலை போடுகிறார்கள், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்குகிறது. அட்டையில் செய்த ஆளுயரச் சாவி ஒன்றைக் குடும்பமே சேர்ந்து பிடித்துக்கொண்டு புகைப்படம் எடுத்துக்கொள்கிறது. சுபம்! அந்தப் பெரிய சாவி எந்தப் பூட்டையும் திறக்காது. அதை அடுத்த குடும்பத்துக்காக அங்கேயே வைத்துவிட்டு வர வேண்டும். வீட்டுக்கு வருவது சின்னச் சாவியும் சின்ன எழுத்துக் காகிதங்களுந்தான். புது வண்டி ஷோரூம் வாசலைத் தாண்டியதுமே ஏன் அவ்வளவு மதிப்பு இழக்கிறது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-ல் ஒரு கட்டுரை எழுதினார். 2001-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அவர் கண்ட விடையின் சாரம் இது: விற்கிறவனுக்குத் தெரிந்தது வாங்குகிறவனுக்குத் தெரிவதில்லை, அந்தப் பயமே விலையைக் கீழே தள்ளிவிடுகிறது. நாவலாசிரியன் மொழியில் சொன்னால், சொல்லாமல் விட்ட பகுதிக்கும் ஒரு விலை இருக்கிறது.

இவ்வளவு சொன்னதால் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் இளைஞரை வில்லனாக்கிவிடக் கூடாது. கழுத்துப் பட்டையும் பளபளக்கும் செருப்புமாக நிற்கும் அவர் அநேகமாக இரு சக்கர வண்டியில் வேலைக்கு வருகிறவர். மாதத்துக்கு இத்தனை கார், இத்தனை இன்ஷூரன்ஸ், இத்தனை உபகரணத் தொகுப்பு என்று அவர் தலைமேலும் ஒரு சீட்டு தொங்குகிறது. அவர் பேசுவது அவருக்கு யாரோ எழுதிக் கொடுத்த வசனம். நேர்மையாகக் கேட்டால் நேர்மையாகப் பதில் சொல்லும் பிள்ளைகள் அங்கே நிறைய இருக்கிறார்கள். நடிகரைத் திட்டிவிட்டு நாடகாசிரியரை விட்டுவிடுவது நல்ல விமர்சனமாகாது.

என் குறை வேறிடத்தில் இருக்கிறது. இந்தக் கதையில் மிக நல்ல விமர்சகர் ஒருவரைப் பார்வையாளர் வரிசையில் உட்கார வைத்துவிடுகிறார்கள். அந்த வீட்டு அம்மாளைச் சொல்கிறேன். இருபது வருஷமாக மளிகைச் சீட்டில் காலணாக் கணக்கையும் விடாமல் பார்த்தவள் அவள். "இதென்ன ஏழாயிரத்து ஐந்நூறு? எதற்கு?" என்று அவள் கேட்டால் அந்தக் கடையிலேயே பதில் சொல்ல ஆள் தேட வேண்டியிருக்கும். ஆனால் அவளுக்கு வர்ணத் தேர்வையும் குளிர்பானத்தையும் கொடுத்துவிட்டு, சீட்டை அவள் கணவரிடம் நீட்டுகிறார்கள். அவரோ மாப்பிள்ளை தோரணையில் இருக்கிறார். கணக்குக் கேட்டால் கௌரவக் குறைவு என்று பேனாவை எடுக்கிறார். அந்தக் கௌரவம் எத்தனை வீடுகளில் தவணையாக மாறியிருக்கிறது என்பதை எழுத நமக்கு ஒரு நாவல் வேண்டும்.

நம் கல்யாண நிச்சயதார்த்தத்தில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. தாம்பூலம் மாற்றுவதற்கு முன் லக்னப் பத்திரிகையைச் சபையில் உரக்கப் படிப்பார்கள். இன்னார் மகன், இன்னார் மகள், இன்ன நாள், இன்ன முகூர்த்தம் என்று எல்லாருக்கும் எல்லாம் தெரிந்த பிறகுதான் தட்டு கைமாறும். விலைச் சீட்டையும் கடனோலையையும் ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுவந்து, கூடத்தில் உட்கார்ந்து, பாட்டி முதல் பையன் வரை காதில் விழும்படி வரி வரியாக உரக்கப் படிக்கலாம். எந்த வரியில் அம்மாள் கையை உயர்த்துகிறாளோ அந்த வரியை மட்டும் அடிக்கோடிட்டுக்கொண்டு மறுநாள் ஷோரூமுக்குப் போனால் போதும்.